சரளமாக ஆங்கிலம் பேசும் தமிழ்ப் பிள்ளை எழுத்தில் ஏன் தேங்குகிறது, என்ன செய்யலாம்

இங்கிலாந்துப் பாடசாலைகளில் ஏறத்தாழ ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்கு வீட்டு மொழி வேறு. அவர்களில் தமிழ்ப் பிள்ளைகள் பலர் லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், கிராய்டன் பக்கம் பிறந்து அங்கேயே நர்சரிக்குப் போனவர்கள். இன்னும் சிலர் பிரான்ஸிலோ ஜெர்மனியிலோ நோர்வேயிலோ பிறந்து, ஏழெட்டு வயதில் பெற்றோருடன் லண்டனுக்குக் குடிவந்த தமிழ்ப் பிள்ளைகள். மைதானத்தில் இவர்கள் பேசுவதைக் கேட்டால் வீட்டில் வேறு மொழி இருப்பதே தெரியாது. ஆனால் இயர் 5 (9–10 வயது) அளவிலும், பிறகு இயர் 8, 9 (12–14 வயது) அளவிலும் பலருடைய புள்ளிகள் அசையாமல் நின்றுவிடுகின்றன. ஆசிரியர் கொப்பியில் ‘இன்னும் விரிவாக எழுது’ என்று எழுதிவிடுகிறார். எதை விரிப்பது என்று பிள்ளைக்கு விளங்குவதில்லை. பெற்றோர் டியூஷனுக்கு அனுப்புகிறார்கள்.

இப்படித் தேங்கி நிற்கும் பிள்ளைக்கு வகுப்பாசிரியரும் உதவியாசிரியரும் வார இறுதித் தமிழ்ப் பாடசாலை ஆசிரியரும் பெற்றோரும் என்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

தேக்கத்தின் காரணம்

கனடாவில் பணியாற்றிய ஜிம் கம்மின்ஸ் 1979இல் ஒரு வேறுபாட்டை எடுத்துக் காட்டினார். அன்றாடப் பேச்சுமொழி சுமார் இரண்டு ஆண்டில் கைவந்துவிடும். பாடங்களைப் படிக்கவும் எழுதவும் வேண்டிய மொழி கூடப் படிப்பவர்களின் நிலைக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை பிடிக்கும். பேச்சில் முகபாவம் உதவும், சூழல் உதவும், விளங்காவிட்டால் திருப்பிக் கேட்கலாம். பாடநூலிலும் பரீட்சைத் தாளிலும் இந்த உதவி ஒன்றும் இல்லை. அதோடு, ஆங்கிலம் மட்டும் பேசும் பிள்ளையும் அந்த ஆண்டுகளில் சும்மா நிற்பதில்லை. நம் பிள்ளை ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரை எட்டிப் பிடிக்கவேண்டியிருக்கிறது.

பணமும் இதே இடத்தில்தான் நின்றுபோகிறது. ஆங்கிலம் கூடுதல் மொழியாக உள்ள பிள்ளைக்குத் தேசிய நிதிச் சூத்திரத்தில், அதாவது அரசு பாடசாலைகளுக்குப் பணம் பங்கிடும் கணக்கில், கிடைக்கும் தொகை, அந்தப் பிள்ளை அரசுப் பாடசாலைக்குள் நுழைந்த முதல் மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே. ரிசெப்ஷனில், அதாவது இயர் 1க்கு முந்தைய வகுப்பில், சேர்ந்த பிள்ளைக்கு இயர் 3 தொடங்கும் முன்பே அது தீர்ந்துவிடும். பாடமொழி கடினமாகத் தொடங்குவதோ அதற்குப் பிறகு. 2016இல் கல்வித் திணைக்களம் ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை ஐந்து படிகள் கொண்ட ஆங்கிலத் தேர்ச்சி அளவை ஒன்றைக் கொண்டுவந்து, 2018இல் அந்தக் கணக்கெடுப்பைக் கைவிட்டது. ஆனாலும் பல பாடசாலைகள் உள்ளளவில் அதை இன்னும் வைத்திருக்கின்றன. நாம் பேசும் பிள்ளைகள் பெரும்பாலும் ‘சி’யிலோ ‘டி’யிலோ இருப்பார்கள், பதிவேட்டில் ‘ஈ’, அதாவது சரளம், என்று இருக்கும். பேச்சை வைத்துப் படி போட்டால் அப்படித்தான் வரும். எனவே முதல் வேலை, படியை எழுத்தை வைத்துத் திருத்துவது.

எழுத்தைச் சோதிக்கும் முறை

ஒரு பிள்ளைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஆங்கிலம், விஞ்ஞானம், வரலாறு அல்லது புவியியல் என மூன்று பாடக் கொப்பிகளிலிருந்து 150 முதல் 200 சொல் வரும் துண்டு ஒவ்வொன்று எடுங்கள். பிள்ளை தானாக எழுதிய முதல் வரைவாக இருக்கவேண்டும். வாக்கியத் தொடக்கங்கள் கொடுத்து நிரப்பச் சொன்னது, ஆசிரியர் திருத்திய பின் மீள எழுதியது, பலகையைப் பார்த்து எழுதியது எதுவும் உதவாது. ஒரே ஒரு துண்டை வைத்து முடிவுக்கு வரவும் கூடாது. கதை நிறைய வாசிக்கும் பிள்ளை கதையை நன்றாக எழுதிவிடும், விளக்கக் கட்டுரையில்தான் குறை வெளிவரும்.

லின் கேமரன், பாடசாலைகளை மேற்பார்வையிடும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டுக்காகச் செய்து 2003இல் வெளியான ஆய்வு, பிரிட்டனில் ஐந்தாண்டுக்கு மேல் படித்த இருமொழி மாணவர்கள் ஜி.சி.எஸ்.இ. (16 வயதளவில் எழுதும் பொதுப் பரீட்சை) வயதில் எழுதியதை நுணுகிப் பார்த்தது. அதில் வெளிப்பட்டவற்றைத்தான் இன்றும் கொப்பிகளில் காண்கிறோம். ஐந்து நிறப் பென்சில்களோடு உட்கார்ந்து இவற்றைக் குறியுங்கள்.

முதல் நிறம், ‘இன்’, ‘ஆன்’, ‘டு’, ‘ஃப்ரம்’ போன்ற சிறு சொற்களுக்கு. லண்டனில் வளர்ந்த பிள்ளை ‘ஆன் த டேபிள்’ என்பதில் தவறாது. வினையோடு ஒட்டி வரும் இடங்களில்தான் தடுமாறும். ‘ரிசல்ட் இன்’, ‘ரிசல்ட் ஃப்ரம்’ இரண்டையும் மாற்றிப் போட்டால் காரணம் விளைவாகிவிடும், விஞ்ஞானத்தில் அந்தப் புள்ளி போய்விடும். ‘டிஸ்கஸ்’ மட்டும் போதுமான இடத்தில் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்பது அடுத்த பழக்கமான பிழை.

இரண்டாவது நிறம் ஆங்கிலத்தில் பெயருக்கு முன் வரும் ‘அ’ (a), ‘த’ (the) வருமிடங்களுக்கு, குறிப்பாகக் கருத்துப் பெயர்களுக்கு முன். ‘சொசைட்டி’ என்று நிற்கவேண்டிய இடத்தில் ‘த சொசைட்டி’ என்று வரும்.

மூன்றாவது நிறம் ‘கெட்’, ‘மேக்’, ‘டூ’, ‘கோ’, ‘புட்’, ‘ஹேவ்’ என்னும் பொது வினைகளுக்கு. இவை பிழையல்ல. ஆனால் 150 சொல்லில் எட்டுப் பத்து வந்தால், ஒவ்வொரு பாடத்துக்கும் உரிய வினை பிள்ளையிடம் இல்லை என்று பொருள்.

நான்காவது நிறம் இணைப்புகளுக்கு. ‘அண்ட்’, ‘பட்’, ‘சோ’, ‘பிகாஸ்’, ‘தென்’ இந்த ஐந்தோடு எழுத்து முடிந்துவிடுகிறதா, ‘ஆல்தோ’, ‘வேராஸ்’, ‘அன்லெஸ்’, ‘டெஸ்பைட்’ எங்காவது தலைகாட்டுகின்றனவா என்று பாருங்கள். ஐந்தாவது நிறத்தால் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் இரண்டு சொல்லையும் குறியுங்கள். ‘இட்’, ‘தே’, ‘பீப்பிள்’, ‘திஸ் இஸ்’ என்றே எல்லாம் தொடங்கினால், பிள்ளை பேசுவதை அப்படியே எழுதிக்கொண்டிருக்கிறது.

எழுத்துப்பிழையை எண்ண வேண்டாம், அது கவனத்தைத் திருப்பிவிடும். ஒரு பிழை ஒரு தடவை வந்தால் கைத்தவறு. மூன்று துண்டிலும் திரும்பத் திரும்ப வந்தால்தான் அதைக் கற்பிக்கவேண்டும். அப்படி நாலைந்து கிடைத்தாலும், ஒரு அரைத் தவணைக்கு இரண்டை மட்டும் எடுங்கள். ஆறு வாரத்தில் அதற்கு மேல் எதுவும் நிலைக்காது.

வாசிப்பையும் பேச்சையும் சோதிப்பது

உரத்து வாசிக்கவிட்டுப் பார்ப்பது இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் ஏமாற்றும். ஒலிக்கோலத்தைச் சிறு வயதிலேயே பிடித்துவிட்டவர்கள் என்பதால், விளங்காத பந்தியையும் தங்குதடையின்றி வாசித்துவிடுவார்கள். அதற்குப் பதில், பாடநூலிலிருந்து சுமார் 250 சொல் வரும் பகுதியை எடுத்து, முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் தொடாமல் விட்டு, இடையில் ஒவ்வொரு ஏழாவது சொல்லையும் நீக்கி நிரப்பச் சொல்லுங்கள். நூலிலுள்ள அதே சொல் வந்தால் மட்டும் சரி என்று எண்ணினால், 40 விழுக்காட்டுக்குக் கீழ் வரும் பிள்ளையால் அந்த நூலைத் தனியாகப் படிக்க முடியாது. 60க்கு மேல் என்றால் பயமில்லை. எண்ணிக்கையைவிட, எந்தச் சொற்கள் நிரம்பவில்லை என்பது முக்கியம். பெயர்ச்சொற்கள் நிரம்பி இணைப்புச் சொற்கள் வெறுமையாக நின்றால், பிள்ளை தகவலைப் பொறுக்குகிறது, வாதத்தைப் பின்தொடரவில்லை.

பேச்சுக்கு இரண்டு நிமிடம் போதும். படம் எதுவும் பார்க்காத ஒருவருக்கு அன்று படித்த செய்முறையைச் சொல்லச் சொல்லி ஒலிப்பதிவு செய்யுங்கள். ‘திங்’, ‘ஸ்டஃப்’, ‘லைக்’, ‘தட் ஒன்’ எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணுங்கள்.

பிறகு தமிழ் தெரிந்த ஒருவர், அதையே தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்கவேண்டும். ஆங்கிலக் கலைச்சொல் கலந்து வந்தால் பரவாயில்லை. கருத்து தமிழில் தெளிவாக வந்தால் குறை ஆங்கில வெளிப்பாட்டில் இருக்கிறது. இரண்டிலும் வராவிட்டால் பாடமே விளங்கவில்லை. இரண்டு மொழியிலும் எளிய கட்டளைகளை நினைவில் வைப்பதில், ஒலிகளைப் பிரித்தறிவதில், வாக்கியத்தை முடிப்பதில் சிரமம் இருந்தால் பாடசாலையின் சிறப்புத் தேவை ஒருங்கிணைப்பாளரிடம் உடனே பேசவேண்டும். மாறாக, வீட்டு மொழி வேறு என்பதை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று சொல்ல முடியாது. பிள்ளைகள், குடும்பங்கள் சட்டம் 2014இன் 20ஆம் பிரிவு அதை வெளிப்படையாகத் தடுக்கிறது. பெற்றோர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பேச்சிலிருந்து எழுத்துக்கு: ஒரு பாடம்

இயர் 8 புவியியலில் ஆறும் அரிப்பும். பிள்ளை எழுதியது இது: ‘வென் இட் ரெயின்ஸ் அ லாட் த ரிவர் கெட்ஸ் ஃபாஸ்டர் அண்ட் இட் ப்ரேக்ஸ் த சைட்ஸ் சோ த ரிவர் கெட்ஸ் வைடர்.’

இதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. விஷயமும் சரி. ஆனாலும் முழுப் புள்ளி கிடைக்காது. ‘இன்னும் விரிவாக எழுது’ என்று சொன்னால் பிள்ளை இதே மாதிரி இன்னும் இரண்டு வாக்கியம் சேர்க்கும், அவ்வளவுதான். நீளம் இங்கே பிரச்சினை இல்லை. வினைகளால் நிரம்பிய பேச்சு வாக்கியத்தைப் பெயர்களால் கட்டிய எழுத்து வாக்கியமாக மாற்றத் தெரியவேண்டும். அதை ஐம்பது நிமிடப் பாடத்தில் இப்படிச் செய்யலாம்.

முதல் ஐந்து நிமிடம், வரைபடத்தைப் பார்த்துப் பிள்ளை பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லட்டும். எந்த மொழியிலும் சொல்லலாம். அடுத்த ஐந்து நிமிடம் வரைபடத்தை மூடிவிட்டு, வேறொருவருக்கு ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். படம் இல்லாதபோது ‘இட்’, ‘சைட்ஸ்’ போதாமல் போவதைப் பிள்ளையே உணரும். சொல் தேவைப்படும் அந்தக் கணத்தில் சொல்லைக் கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த பத்து நிமிடம், எழுதிய வாக்கியத்தின் வினைகளுக்குக் கோடிட வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் தேடுங்கள். ‘ரெயின்ஸ்’ ‘ரெயின்ஃபால்’ ஆகும். ‘கெட்ஸ் ஃபாஸ்டர்’ என்பதில் ‘வெலாசிட்டி’ ஒளிந்திருக்கிறது, ‘ப்ரேக்ஸ்’ என்பதில் ‘எரோஷன்’. ‘சைட்ஸ்’ ஆற்றுக்கு ‘பேங்க்ஸ்’. பிறகு இந்தப் பெயர்களைப் பிணைக்கும் வினைகளைப் பலகையில் போடுங்கள்: ‘இன்க்ரீசஸ்’, ‘லீட்ஸ் டு’, ‘ரிசல்ட்ஸ் இன்’.

அடுத்த பத்து நிமிடம் ஆசிரியர் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு பலகையில் எழுதவேண்டும். ‘இந்தச் சொல்லை முதலில் வைத்தால் என்ன, பிறகு வைத்தால் என்ன’ என்று தான் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதவேண்டும். இப்படி வரும்: ‘ஹெவி ரெயின்ஃபால் இன்க்ரீசஸ் த வெலாசிட்டி ஆஃப் த ரிவர். ஃபாஸ்டர் ஃப்ளோ லீட்ஸ் டு கிரேட்டர் எரோஷன் ஆஃப் த பேங்க்ஸ், விச் வைடன்ஸ் த சேனல்.’

கடைசி இருபது நிமிடம், பலகையை அழித்துவிட்டு, கடல் அலை பாறையை அரிப்பதை எழுதச் சொல்லுங்கள். விஷயம் மாறவேண்டும், வாக்கிய அமைப்பு அதேயாக இருக்கவேண்டும். இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பலகையிலிருந்து பார்த்து எழுதிய அழகான பந்தியைக் கண்டு கற்றுவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். அடுத்த கிழமை பிள்ளை மறுபடியும் ‘கெட்ஸ் ஃபாஸ்டர்’ என்றே எழுதும்.

தமிழ் எழுதக் கற்ற பிள்ளைக்கு இந்த மாற்றத்தை மூன்று நிமிடத்தில் விளங்கவைக்கலாம். ‘மழை கூடப் பெய்தா ஆறு வேகமா ஓடும், கரை இடிஞ்சு போகும்’ என்று ஒரு பக்கமும், ‘மழைவீழ்ச்சி அதிகரிக்கும்போது ஆற்றின் வேகம் கூடுகிறது, அதனால் கரையரிப்பு மிகுகிறது’ என்று மறுபக்கமும் எழுதிக் காட்டுங்கள். வீட்டில் பேசும் தமிழும் புத்தகத் தமிழும் வேறு என்பது தமிழ்ப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கு ஏழு வயதிலிருந்தே தெரியும். ஆங்கிலத்திலும் அப்படி இரண்டு உண்டு என்றதும் முகம் மலரும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இல்லாத ஒரு பலம் இது. நம் பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்வதே இல்லை என்பது வருத்தமான விஷயம்.

இந்த முறையில் வரும் ஒரு கோளாறு: பிள்ளை எல்லா இடத்திலும் பெயர்களை அடுக்கத் தொடங்கிவிடும், கதை கூட ஆய்வறிக்கை மாதிரி ஆகிவிடும். விளக்கவும் வாதிடவும் மட்டுமே இந்த நடை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சொல் சேர்ப்பது

பாடத்துக்கே உரிய கலைச்சொற்களை, ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ போன்றவற்றை, ஆசிரியர் எப்படியும் கற்பித்துவிடுவார். அன்றாடச் சொற்கள் பிள்ளைக்குத் தெரியும். இரண்டுக்கும் இடையில் எந்தப் பாடத்திலும் வரக்கூடிய ‘சிக்னிஃபிகன்ட்’, ‘கான்சிக்வென்ஸ்’, ‘எஸ்டாப்ளிஷ்’, ‘டெரைவ்’ மாதிரிச் சொற்கள் ஒருவர் பொறுப்பிலும் இல்லாமல் கிடக்கின்றன. 2000இல் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் இப்படியான 570 சொற்குடும்பங்கள் உள்ளன. அதை மனப்பாடம் செய்யக் கொடுக்காதீர்கள். அந்த வாரம் படிக்கும் பாடநூலில் வரும் ஐந்து அல்லது ஆறு சொற்களை அதிலிருந்து தேர்ந்தெடுக்கும் ஒரு சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கொப்பியில் ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம் விடுங்கள். நடுவில் சொல், கீழே அதன் குடும்பம்: ‘சிக்னிஃபை’, ‘சிக்னிஃபிகன்ஸ்’, ‘இன்சிக்னிஃபிகன்ட்’. பக்கத்தில் அதோடு கூடிவரும் சொற்கள்: ‘அ சிக்னிஃபிகன்ட் இன்க்ரீஸ்’, ‘சிக்னிஃபிகன்ட்லி ஹையர்’. அதற்கடுத்துத் தமிழில் ஒரு சொல்லோ தொடரோ. கடைசியில் இரண்டு வேறு பாடங்களிலிருந்து ஒவ்வொரு வாக்கியம். கூடிவரும் சொற்களை எழுதாத சொல்லட்டவணை பாதி வேலைதான். சொல்லின் பொருள் தெரிந்தும் ‘கேரி அவுட்’ வரவேண்டிய இடத்தில் ‘மேக் அன் எக்ஸ்பெரிமென்ட்’ என்று எழுதுவது அதனால்தான். ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் அந்தச் சொற்களைத் திரும்பக் கேளுங்கள்.

கணிதத்தில் எதிர்ப்புறமான சிக்கல். ‘டிஃபரன்ஸ்’, ‘ப்ராடக்ட்’, ‘மீன்’, ‘வால்யூம்’ எல்லாம் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள், வேறு பொருளில். தெரிந்த சொல் என்பதால் கேட்காது, தவறாகவே எடுத்துக்கொள்ளும். ‘ஃப்யூவர் தேன்’, ‘அட் லீஸ்ட்’, ‘பர்’, ‘ஈச்’ இவற்றைக் கோடிட்டு வாசிக்கப் பழக்குங்கள். ‘அனு ஹேஸ் 12 ஃப்யூவர் தேன் மீனா’ என்பதைப் படமாகக் கீறவைத்துவிட்டு, பிறகு ‘மீனாவைவிட அனுவிடம் 12 குறைவு’ என்று தமிழில் சொல்லவைத்தால், யாரிடம் கூட என்பதில் குழப்பம் வராது.

வாசிப்பில் கவனிக்கவேண்டியவை

பாடநூலை எளிமைப்படுத்திக் கொடுப்பது புதிதாக வந்த பிள்ளைக்குச் சரி. இவர்களுக்கு அது கேடு. எளிதாக்கும்போது முதலில் வெட்டுப்படுவது ‘ஆல்தோ’, ‘டெஸ்பைட்’ வரும் நீண்ட வாக்கியங்கள்; பிள்ளை பழகவேண்டியவையே அவைதான். மூல நூலையே கொடுத்து வேலையை மாற்றுங்கள். பந்திகளை வெட்டிக் கலைத்து வரிசைப்படுத்தச் செய்யலாம். காரணங்களுக்கு ஒரு நிறம், விளைவுகளுக்கு ஒரு நிறம் என்று பூசச் செய்யலாம். ‘திஸ்’, ‘சச்’, ‘த லேட்டர்’ எதைச் சுட்டுகின்றன என்று அம்புக்குறி போடச் செய்யலாம். கடைசியாகச் சொன்னது எளிமையாகத் தெரிந்தாலும், தேங்கி நிற்கும் பிள்ளை எங்கே நூலைத் தவறவிடுகிறது என்பதை இதுவே வேகமாகக் காட்டிவிடும்.

ஜி.சி.எஸ்.இ. இலக்கியத்தில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றும் 19ஆம் நூற்றாண்டு நாவல் ஒன்றும் கட்டாயம். அங்கே சொல்லைவிடப் பின்னணிதான் தடையாகும். தேவாலய வழக்கங்கள், விக்டோரியாக் காலத்து ஏழைகள் விடுதி, பைபிள் குறிப்புகள், வீட்டு வேலையாட்களின் படிநிலை எல்லாம் மற்றப் பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி வழியாகவோ தொலைக்காட்சி வழியாகவோ ஓரளவு வந்திருக்கும். நாவல் தொடங்கும் முன் கோடை விடுமுறையிலேயே ஒரு சுருக்கமும் சில படங்களும் கொடுத்துவிட்டால் பிள்ளை கதையைத் தேடாமல் மொழியைக் கவனிக்கும்.

வீட்டில்

வீட்டில் தமிழை விட்டு ஆங்கிலம் பேசச் சொல்லி எந்த ஆசிரியராவது சொன்னால், கேட்கவேண்டாம். பெற்றோருக்கு நன்றாக வரும் மொழியில்தான் காரணம் சொல்லவும் எதிர்வாதம் செய்யவும் கதையை நுணுக்கமாகச் சொல்லவும் முடியும். அரைகுறை ஆங்கிலத்தில் ‘டிட் யூ ஃபினிஷ் ஹோம்வொர்க்’, ‘யெஸ்’ என்று முடியும் பேச்சால் பிள்ளைக்கு ஆங்கிலமும் வளராது, தமிழும் போய்விடும்.

பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் செய்யக்கூடியது இது. ‘இன்றைக்கு என்ன படிச்சனி?’ என்று கேட்டால் ‘ஒண்டுமில்லை’ என்று பதில் வரும். விஞ்ஞானக் கொப்பியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டி, ‘இது எனக்கு விளங்கேல்லை, அம்மாவுக்குச் சொல்லு பாப்பம்’ என்று கேளுங்கள். பிள்ளை சொன்னதும் ‘ஏன் அப்பிடி ஆகுது?’, ‘அப்பிடி இல்லாட்டி என்ன நடக்கும்?’ என்று இரண்டு கேள்வி. பத்து நிமிடம், வாரத்தில் மூன்று நாள். ‘ஏன்’, ‘இல்லாவிட்டால்’ இரண்டும்தான் பரீட்சைத் தாளில் ‘எக்ஸ்ப்ளெயின்’, ‘எவால்யுவேட்’ என்ற வேடத்தில் வரும்.

வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் பெரிய உதவி செய்ய முடியும். தவணைத் தொடக்கத்தில் பகல் பாடசாலையின் பாடத்திட்டத்தை அதன் இணையதளத்திலிருந்து எடுத்து, இயர் 5க்கு ரோமர், இயர் 7க்குத் துணிக்கைகள் என்று எது நடக்கிறதோ அதையே தமிழில் ஒரு பந்தி வாசிக்கவும் எழுதவும் வைக்கலாம். பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்த உரையோடு, குறிப்பில்லாமல் இரண்டு நிமிடம் விவாதிக்கும் பழக்கத்தையும் சேர்க்கலாம். தமிழுக்கு ஜி.சி.எஸ்.இ. இல்லை என்பதால் இயர் 9 வந்ததும் பல குடும்பங்கள் தமிழ் வகுப்பை நிறுத்திவிடுகின்றன. பாடமொழி மிகவும் இறுகும் வயது அதுதான். அப்போது நிறுத்துவது நட்டம்.

டியூஷனும் ‘பெரிய’ சொற்களும்

சட்டன், கிங்ஸ்டன், ரெட்பிரிட்ஜ் கிராமர் பாடசாலைகளில் (தேர்வு வைத்து மாணவரைச் சேர்க்கும் அரசுப் பாடசாலைகள்) சேர்வதற்கான லெவன் ப்ளஸ் தேர்வை வைத்து நம் சமூகத்தில் டியூஷன் நாலாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. அங்கே கொடுக்கப்படும் சொற்பட்டியல்கள் ஒத்தசொல்லைத் தேர்ந்தெடுக்கும் வினாவுக்கு உதவும். ஆனால் பிள்ளை அவற்றை அப்படியே கட்டுரைக்குள் இறக்கும்போது ‘ஹி கொமென்ஸ்ட் ஹிஸ் பிரெக்ஃபஸ்ட்’ மாதிரி வாக்கியம் வரும். ‘வெரி குட்’ என்று டியூஷனில் பாராட்டுக் கிடைக்கும், பரீட்சகர் சிரமப்படுவார். பட்டியல் கற்கும் பிள்ளையிடம், அந்தச் சொல் வரும் உண்மையான வாக்கியம் ஒன்றைப் புத்தகத்திலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். கிடைக்காத சொல்லை இப்போதைக்கு விட்டுவிடலாம். மனப்பாடம் செய்த மாதிரிக் கட்டுரைகளையும் விட்டுவிடலாம். கேள்வி சற்று மாறினால் பிள்ளை கேட்காத கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு வரும்.

பாடசாலையில் நேரும் தவறுகள்

மிகப் பெரியது, மாணவரைத் திறன்வாரியாகத் தொகுதிகளாகப் பிரிக்கும்போது எழுத்தை வைத்துப் பிள்ளையைக் கீழ்த்தொகுதியில் போடுவது. கீழ்த்தொகுதியில் கேட்கக் கிடைக்கும் மொழியும் எளியதாகவே இருக்கும், தேக்கம் உறுதிப்படும். கணிதத்தில் 80 வாங்கி விஞ்ஞான விளக்க வினாக்களில் 40 வாங்கும் பிள்ளை அறிவில் குறைந்ததல்ல. மேல்தொகுதியில் வைத்து மொழிக்கு உதவவேண்டும்.

வாக்கியச் சட்டகங்களை (பிள்ளை நிரப்பவேண்டிய பாதி வாக்கியங்களை)க் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமல் விடுவது அடுத்தது. முதல் இரண்டு வாரம் முழுச் சட்டகம், அடுத்த இரண்டு வாரம் இணைப்புச் சொற்கள் மட்டும், கடைசி இரண்டு வாரம் ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே திகதி போட்டுக்கொள்ளுங்கள். எல்லாப் பிழையையும் சிவப்பில் திருத்தினால் பிள்ளை பாதுகாப்பான சிறு வாக்கியங்களுக்கு ஒதுங்கிவிடும். தேர்ந்தெடுத்த இரண்டை மட்டும் குறியுங்கள். புதிதாக வந்த பிள்ளைக்கோ பெற்றோருக்கோ மொழிபெயர்க்க அதே பிள்ளையைத் திரும்பத் திரும்பப் பாடத்திலிருந்து எழுப்பிக்கொண்டு போவதும் நடக்கிறது. பிள்ளைக்குப் பெருமையாகத்தான் இருக்கும், ஆனால் பாடம் போய்விடுகிறது.

பரீட்சை

ஆரம்பப் பாடசாலை முடிவில் நடக்கும் தேசியப் பரீட்சையான இயர் 6 சாட்ஸின் வாசிப்புத் தாள் 60 நிமிடம், 50 புள்ளி. நேரம் போதாமல் போவதுதான் வழக்கமான முறையீடு, எனவே ஜனவரியிலிருந்து வாரம் ஒரு பகுதியையாவது கடிகாரத்தோடு செய்யவேண்டும். ஜி.சி.எஸ்.இ. ஆங்கில மொழியில் மொத்தப் புள்ளிகளில் 20 விழுக்காடு சொல் தேர்வு, வாக்கிய அமைப்பு, எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி ஆகியவற்றுக்கு. ஏ.க்யூ.ஏ. என்ற பரீட்சைச் சபையின் தாளில் 40 புள்ளி எழுத்துவினாவில் 16 இதற்குப் போகும். மேலே ஐந்து நிறத்தில் குறித்தவை இந்த 16ஐத்தான் தின்கின்றன. கடைசி ஐந்து நிமிடத்தில் தன் இரண்டு பிழைகளை மட்டும் தேடித் திருத்தப் பழகிய பிள்ளை, எல்லாவற்றையும் மேலோட்டமாகப் பார்க்கும் பிள்ளையைவிட அதிகம் மீட்கும். அகராதியோடு சேர்த்துக் கொடுக்கும் கூடுதல் நேரம் அண்மையில் நாட்டுக்கு வந்தவர்களுக்கான ஏற்பாடு. வீட்டு மொழி வேறு என்பது மட்டும் கூடுதல் நேரத்துக்குக் காரணமாகாது, அதை நம்பியிருக்கக் கூடாது.

முன்னேற்றத்தைப் பார்ப்பதும் ஒப்படைப்பதும்

ஆறு வாரம் முடிந்ததும் அதே பாடங்களில் மூன்று துண்டு எடுத்து அதே நிறங்களால் குறித்து, பழையவற்றுக்குப் பக்கத்தில் வையுங்கள். எடுத்த இரண்டு இலக்கில் ஒன்று கைவந்தால் புதியது ஒன்றைச் சேருங்கள், மற்றதைத் தொடருங்கள். இரண்டும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் பாட ஆசிரியர்களுக்கு இலக்கு போய்ச்சேரவில்லை. ஆங்கில ஆசிரியர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வாரத்தில் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் பழக்கம் கிடைக்காது.

இயர் 6இலிருந்து 7க்குப் போகும்போது இந்தப் பதிவு தொலைந்துபோவது வழமை. புதிய பாடசாலையில் பெரும்பாலும் பார்ப்பது சாட்ஸ் புள்ளியைத்தான். ஒரே ஒரு தாள் போதும்: வீட்டு மொழிகள், எதில் வாசிக்கத் தெரியும், எத்தனை ஆண்டு எந்த நாட்டில் படித்தது, தமிழ்ப் பாடசாலையில் எந்த வகுப்பு, எழுத்தை வைத்துப் போட்ட தேர்ச்சிப் படி, கைவந்த இலக்குகள், மிச்சமிருக்கும் இரண்டு, திருத்தாத எழுத்துத் துண்டு ஒன்று. பெற்றோர் அதன் பிரதியைக் கையில் வைத்திருந்து, செப்டம்பரில் நடக்கும் முதல் சந்திப்பில் வகுப்புப் பொறுப்பாசிரியரிடம் கொடுத்து, ‘என் பிள்ளையின் தொகுதி எதை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது?’ என்றும் ‘விஞ்ஞானத்திலும் வரலாற்றிலும் எழுத்துக்கு யார் உதவுவார்?’ என்றும் கேளுங்கள். ஆங்கிலத்தில் கேட்கச் சங்கடமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஒரு வாரம் முன்பே அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கவேண்டாம்.